கவ்ரிலா கோட்டை விட்ட மரம்

மராமுரேஷ் மலையில் கவ்ரிலா வெட்டாத மரமில்லை என்பார்கள். பெரும்பாலும் அப்படிச் சொன்னது கவ்ரிலாதான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கோடரி ஒன்றாலேயே வீடும் நிலமும் பெயரும் சம்பாதித்தவர். அந்தக் காலத்தில் காடு என்றால் வெட்டத்தான். நின்று வேடிக்கை பார்க்கவா?

கரடிப்பள்ளக் காட்டில் மட்டும் கோடரி விழவில்லை என்று பேச்சு. "நான் பாத்து விட்டுவெச்சது" என்று சாராயக் கடையில் மார்தட்டுவார். அவர் மொட்டையடித்த எதிர்ச்சரிவு ஒரே மழையில் சேறாக இறங்கி, அவருடைய வைக்கோல் போரையே விழுங்கிய பிறகு, ஊரைத் திரட்டி மனுப் போட்டவரும் அவரே. கரடிப்பள்ளத்தைப் பழங்காடுகளின் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று.

பார்வையிட வந்த வனத்துறை அதிகாரி லவீனியா பள்ளத்தில் ஓர் அடிக்கட்டையருகே நின்றுவிட்டாள்.

"பெரியவரே, இது கோடரி வெட்டு. இங்கேருந்து மரம் வெளிய போயிருந்தா பட்டியல்ல சேர்க்க முடியாது."

கூட வந்த பழைய மரவெட்டி மிரோன் இளித்தார். "விட்டுவெச்ச லட்சணம் இதுதானா?"

கவ்ரிலா கணக்குப் போட்டார். சொன்னால் பெயர் போகும். சொல்லாவிட்டால் பள்ளமே போகும். ஓடைப் பக்கம் இறங்கத் தொடங்கினார்.

"கீழ வாம்மா, காட்டறேன்."

ஓடையில் பாசி மூடிய பெருமரம் ஒன்று கிடந்தது. அதன் முதுகில் பதினொரு மரக்கன்றுகள். கவ்ரிலா நுனியைச் சுரண்டினார். குதிரை இழுக்கும் சங்கிலியை மாட்டும் இரும்பு முளை, அவர் குறியோடு, துருவேறி நின்றது.

"இதுல என்ன தெரியுது?" என்றாள் லவீனியா.

மிரோன் குனிந்து பார்த்தார். "முளையோட எந்த மரமும் மில்லுக்குள்ள போகாது, பொண்ணே. ரம்பத்தோட பல்லு போயிடும். முளைய அங்கதான் பிடுங்குவோம். இது மில்லுக்கே போகல."

"பள்ளத்தையே வெட்டச் சொல்லி அனுப்பினாங்க," என்றார் கவ்ரிலா. "மொத மரமே சறுக்கிடுச்சு. சங்கிலிய அறுத்துக் குதிரையக் காப்பாத்தினேன். மரத்த இறக்க வழியே இல்லன்னு மேலதிகாரிங்ககிட்ட சொல்லிட்டேன்."

"நாப்பத்தஞ்சு வருஷமா எங்கள ஏமாத்தியிருக்கியேடா!" என்றார் மிரோன்.

"போடா! நீ வந்திருந்தா ஒழுங்கா இறக்கியிருப்ப. பள்ளமே காலியாயிருக்கும். இப்படித் தோக்கறதுக்கு இந்த ஜில்லாவுல என்னை விட்டா ஆள் உண்டா?"

லவீனியா சிரித்துக்கொண்டே எழுதினாள். இலையுதிர்காலத்தில் பள்ளம் பட்டியலில் ஏறியது.

முளையைப் பிடுங்கி வந்து கடையில் மாட்டலாம் என்றார் மிரோன். கவ்ரிலா விடவில்லை.

"அங்கயே இருக்கட்டும். என் கையெழுத்துடா அது."

இப்போது அந்தக் கதையைத்தான் கடையில் முதலில் சொல்கிறார். சொல்லச் சொல்ல மரமும் நீண்டுகொண்டே போகிறது.