ஸ்லோவேனியப் பெண்ணின் முதுகு

ஆஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்து, ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு சிறிய பிசியோதெரபி நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போதுதான் அவள் என்னிடம் வரத் தொடங்கினாள்.

ஸ்லோவேனியாக்காரி. வயது இருபத்தொன்று, என்னைவிட இரண்டு வயது இளையவள். ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. ஆறு வயதில் வளையத்தைக் கையில் எடுத்து, பதினைந்தில் தன் நாட்டு அணிக்குள் வந்தவள். கூடப் பயின்றவர்கள் படிப்பு, காதல் என்று ஒவ்வொருவராக விலகிய பிறகும் இவள் விடவில்லை. பயிற்றுநர் ஜெர்மனிக்கு வேலை மாறி வந்தபோது அவரோடு தானும் வந்துவிட்டாள். காலையில் பயிற்சி, மதியம் பேக்கரியில் வேலை, மாலையில் மறுபடியும் பயிற்சி. திங்களும் வியாழனும் முதுகுவலிக்கு என்னிடம்.

எங்களுக்கிடையே ஜெர்மன்தான். ஆனாலும் அவள் பேசியதெல்லாம் எனக்குள் எங்கள் வீட்டுத் தமிழில்தான் பதிந்திருக்கிறது.

அந்த வியாழக்கிழமை மதியம் அவள் உள்ளே வந்தபோதே வலது பாதம் தரையில் தட்டியது. படுக்கவைத்து, அந்தக் காலின் பெருவிரலை மேலே தூக்கச் சொன்னேன். விரல் எழவில்லை.

"எப்ப தொடங்கினது?"

"நேற்று. நீர் நல்லா அழுத்தி விடும், சரியாப் போயிடும்."

இப்படி வருபவர்களிடம் கேட்பதற்கென்று எங்களை மனப்பாடம் செய்யவைத்த கேள்விகள் உண்டு. அதுவரை அவற்றுக்கு யாரும் பயப்படும்படி பதில் சொன்னதில்லை.

"சலம் ஒழுங்காப் போகுதோ?" என்று சிறுநீரைப் பற்றிக் கேட்டேன்.

அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலமையிலயிருந்து வரேல்ல. குந்தி இருக்கிற பக்கமெல்லாம் உணர்வில்லாம விறைச்சுக் கிடக்கு."

முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக்கொத்து நசுங்கும்போது இப்படித்தான் ஆகும் என்று படித்திருந்தேன். உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும். பிந்தினால் இழந்தது திரும்பாது. நிலையத்தை நடத்துபவர் விடுமுறையில் இருந்தார். வேறு யாரிடமும் கேட்க வழியில்லை.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

"ஏலாது. சனிக்கிழமை தகுதிப் போட்டி. பதினைஞ்சு வருஷமா இதுக்குத்தான் நிண்டனான். நீர் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

தொலைபேசியை எடுக்க நான் வரவேற்பு மேசைக்குப் போய்த் திரும்புவதற்குள் கட்டில் வெறுமையாக இருந்தது. போட்டி நடக்கும் ஊருக்கு அன்றே போவதாக அவள் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்தது. வேலைச் சப்பாத்தோடேயே தெருமுனையில் இருந்த ரயில் நிலையத்துக்கு ஓடினேன். நான் நினைத்தது பிழையாக இருந்தால் ஒரு வீராங்கனையின் வாழ்க்கையைக் கெடுத்தவளாவேன். சரியாக இருந்து, அவளைத் தவறவிட்டால்?

அவள் ஏறிய பெட்டியின் கதவு மூடும் தறுவாயில் நானும் பாய்ந்து ஏறினேன்.

"ஏன் பின்னால வாறீர்?"

"பயத்தில வாறன்."

"உமக்கென்ன பயம்?"

"இண்டைக்கு விட்டா இந்தப் போட்டி மட்டும் இல்லை. இனி வாழ்க்கை முழுக்கக் குழாய் வைச்சுத்தான் சலம் எடுக்க வேண்டி வரலாம். நடையும் போகலாம். நான் சொல்லுறது பிழையெண்டால், சனிக்கிழமை நானே உம்மைக் கூட்டிக்கொண்டு போறன்."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு தன் உள்தொடையைக் கிள்ளினாள். மறுபடியும், இன்னும் பலமாகக் கிள்ளினாள். அவள் முகம் வெளுத்துப்போனது.

"ஒண்டும் தெரியேல்ல," என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் விரல்கள் நசுங்கும் அளவுக்குப் பிடித்தாள். மற்றக் கையால் அவசர எண்ணை அழைத்தேன். அடுத்த நிலையத்தில் ஆம்புலன்ஸ் நின்றது.

அவளை அறுவைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோன பிறகுதான் நான் நடைவழியில் உட்கார்ந்தேன். அம்மாவை அழைத்தேன்.

"அந்தப் பிள்ளைக்கு இஞ்ச ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை, அம்மா."

"அப்ப நான் வாறன்."

முதியோர் இல்லத்து வேலை உடுப்போடேயே அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் வந்த பயிற்றுநர், தன்னைக் கேட்காமல் எப்படி இதைச் செய்யலாம் என்று என்மேல் பாய்ந்தார். அம்மா தன் உடைந்த ஜெர்மனில், "முதலில பிள்ளை எழும்பட்டும், பிறகு கத்துங்கோ," என்றார்.

வெளியே வந்த மருத்துவர், சரியான நேரத்தில் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்றார். ஆனால் நரம்பு எவ்வளவு மீளும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அடுத்த ஒன்பது நாட்களும் கைபேசி ஒலித்தபோதெல்லாம் அவளா என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். தன்னைப் பார்க்க வரவேண்டாமென்று அவள் என்னிடம் சொல்லியிருந்தாள். பத்தாம் நாள் ஒரு குறுஞ்செய்தி வந்தது: "குழாயை எடுத்திட்டினம். தானாப் போகுது." நிலையத்தின் கழிவறைக்குள் போய் நின்று அழுதேன்.

வலது பாதம் முழுதாக மீளவில்லை. நடக்கலாம், பாய்ந்து சுழல முடியாது. அவள் ஸ்லோவேனியாவுக்குத் திரும்பிப் போய், நடுவர் பயிற்சி எடுத்தாள். சென்ற வருடம் ஒரு போட்டிக்கு நடுவராக ஜெர்மனிக்கு வந்தவள் என்னையும் அழைத்திருந்தாள். மண்டப வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"உம்மில இருந்த கோவம் இன்னும் முழுசாப் போகேல்ல," என்றாள்.

"தெரியும்," என்றேன்.

பிறகு இரண்டு பேரும் சாப்பிடப் போனோம்.