அகிலாவுக்காக ஒரு ரேடியேட்டர்

கதிர்வேல் பட்டு நெய்கிறவன். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சொந்தத் தறி. நெய்து சேர்த்ததில் பெரும்பங்கைக் கொட்டி, தன் பழைய கறுப்புக் காருக்கு டர்போ பூட்டியிருந்தான். மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். தெருவில் அதற்குப் புலி என்று பேர். புலிக்குக் குறை ஒன்றுதான். பலம் கூடிய எஞ்சினுக்குச் சூடும் கூடிவிட்டது. அந்தச் சூட்டை ஆற்ற காரோடு வந்த ரேடியேட்டருக்கு வலு போதவில்லை.

மனைவி அகிலா மஸ்கட்டில் நர்ஸ். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒரு மாத லீவில் வருவாள். போன முறை விமான நிலையத்திலிருந்து அவளைப் புலியில்தான் அழைத்து வந்தான். ஸ்ரீபெரும்புதூர் நெரிசலில் பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. அகிலா ரோட்டோரத்தில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கார் ஆறி, தண்ணீர் ஊற்றி, மறுபடி கொதித்து, மறுபடி ஆறி, வீடு வந்து சேர்வதற்குள் அரை நாள் போய்விட்டது. அவள் கோபப்படவில்லை.

"ஒரு மாசம்னு வந்தேன். அதுல அரை நாள லாரிங்கள பாத்துக்கினே ஓட்டிட்டேன்" என்று சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு இரண்டு வருடமாக அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. தறியில் ஊடை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளும்போதெல்லாம் அந்த அரை நாள் நினைவுக்கு வரும். அதில் அவளோடு என்னவெல்லாம் பேசியிருக்கலாம்!

அவள் திரும்பிப் போன கையோடு புது ரேடியேட்டர் வாங்கினான். காஞ்சிபுரத்துக்காரன் சேலையை விரித்துப் பார்ப்பதற்கு முன்னால் கையில் ஏந்திக் கனம் பார்ப்பான். கதிர்வேலும் அப்படித்தான் பார்த்தான். கடையில் இருந்ததிலேயே கனமானது, நாலு வரிசைக் குழாய், தகடுகள் ஒன்றோடொன்று இழைந்து நெருங்கியது, அதையே எடுத்தான். வாலாஜாபாத் ரோட்டில் விரட்டிப் பார்த்தான். சூட்டு முள் அசையவேயில்லை. மனசு குளிர்ந்து போனது. ஆனால் வைகாசியில் கருட சேவைக் கூட்டத்தில் மூங்கில் மண்டபத்தருகே மாட்டி ஊர்ந்தபோது, புலி பழையபடி ஆவி விட்டது.

அகிலா லீவு தேதியைச் சொல்லப் போன் செய்தாள்.

"ஏர்போர்ட்டுக்கு வந்துடறேம்மா, புலிய எடுத்துக்கினு."

"ஐயோ சாமி, போன தடவ நடுரோட்டுல பொங்கல் வெச்சீங்களே, போதும். நான் பஸ்ல வந்துடறேன்பா. பஸ்ஸு பொங்காது."

அவளோடு சேர்ந்து சிரித்தான். போனை வைத்ததும் நேரே அந்தோணியின் பட்டறைக்குப் போனான். அந்தோணி ஓரிக்கையில் ரேடியேட்டர் வேலை செய்கிறவன். வாய் கொஞ்சம் நீளம்.

"இத்தவிட கனமா இருக்குதா?" என்று, அங்கே கழற்றி வைத்த நாலு வரிசை ரேடியேட்டரைக் காட்டிக் கேட்டான் கதிர்வேல்.

"இன்னாபா, முகூர்த்தப் பொடவையா எடுக்கிற? கார் எங்க ஓடும், எங்க நிக்கும், அத்த சொல்லு மொதல்ல."

"ஏர்போர்ட்டுலருந்து என் சம்சாரத்த இட்டுக்கினு வரணும். எந்த நெரிசல்ல மாட்டினாலும் கொதிக்கக் கூடாது. ஏசியும் ஓடணும்."

"அப்ப ரேஸுக்கு இல்ல, மெதுவா போறதுக்கு. சரியாப் போச்சு போ!" என்று உள்ளே போன அந்தோணி, கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த ஒரு அலுமினிய ரேடியேட்டரைக் கொண்டுவந்தான். இரண்டே வரிசை, ஆனால் அகலமான குழாய்கள். தகடுகளுக்கு நடுவே தாராளமாக இடைவெளி. பின்னால் முழுக்க மூடிய கூடும், அதில் இரண்டு ஃபேன்களும்.

கதிர்வேல் கையில் வாங்கினான். முகம் சுண்டிப் போனது. "காத்தாடி மாதிரி இருக்குதேபா."

"பிடிக்கலன்னா வெச்சுட்டுப் போ. கனம்தான் வேணும்னா ஆட்டுக்கல்ல கட்டிக்கினு ஓட்டு."

கதிர்வேல் போகவில்லை. தன் நாலு வரிசை ரேடியேட்டரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து ஊதினான். மூச்சு அவன் மூக்கிலேயே திரும்பி அடித்தது. புதியதை எடுத்து ஊதினான். எதிரே நின்ற அந்தோணியின் நெற்றி மயிர் அசைந்தது.

"ஏய், எச்சி தெறிக்குதுபா!"

கதிர்வேல் காதில் வாங்கவில்லை. ஊடையை நெருக்கி அடித்து அடித்துப் பழகிய கை அவனுடையது. சேலையில் காற்று புகாத நெருக்கம்தான் அழகு. ஆனால் இது காற்றுக்கு வழி விடவேண்டிய பொருள் அல்லவா? வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று முட்டி உள்ளே புகுந்துவிடும். நிற்கும்போது ஃபேன்தான் இழுக்கவேண்டும். அடைத்த சுவரின் வழியே அது எதை இழுக்கும்?

"இதையே பூட்டு" என்றான்.

அகிலா வந்த காலையில், பஸ்ஸில் வருகிறேன் என்றவள் விமான நிலைய வாசலில் காரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு ஏறினாள். பூந்தமல்லி வரை மஸ்கட் கதை பேசினாள். ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் வரிசையாக நின்றன. கதிர்வேல் சூட்டு முள்ளையே பார்த்தான். முள் பாதியைத் தாண்டியது. ஃபேன்கள் இரண்டும் இரைந்தன. முள் நின்றது, யோசித்தது, இறங்கியது.

பெருமையோடு திரும்பினான். அகிலா ஏசிக் குளிரில் கண்ணாடியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். விடிய விடிய விமானத்தில் விழித்திருந்த களைப்பு. காதோரத்தில் புதிதாக ஒரு நரைமயிர்.

ஊருக்குள் வந்தாயிற்று. பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பவேண்டிய இடம் வந்தது. வீட்டில் அம்மா நீலாம்பாள் ஆரத்தித் தட்டோடு காத்திருப்பாள். தெருவே கூடியிருக்கும். உள்ளே கால் வைத்ததும் அகிலா எல்லாருக்கும் உரியவளாகிவிடுவாள். விருந்து, கோயில், சொந்தக்காரர் வீடு என்று அந்த மாதம் துண்டுதுண்டாகப் போகும். அவனுக்கு மிஞ்சப்போவது இந்த முன்சீட்டு நேரம்தான்.

நிறுத்து என்று புலி சொல்லவில்லை. அவன் திருப்பவில்லை. உத்திரமேரூர் ரோட்டில் ஓரிக்கையும் பாலாற்றுப் பாலமும் பின்னால் போயின.

மாகறல் வரும்போது அகிலா கண் விழித்தாள். இரண்டு பக்கமும் வயல்.

"இன்னாங்க, எங்க போய்க்கினு இருக்கோம்? வீடு?"

"தாண்டிடுச்சு."

"மறுபடியும் கொதிச்சிடுச்சா?"

"இல்லம்மா. கொதிக்கல. அதான்..."

அகிலா அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அப்போது அவன் போன் அடித்தது. அம்மா. அகிலா எடுத்தாள்.

"எங்கம்மா இருக்கீங்க? ஆரத்தி ஆறிப் போவுது!"

"நெரிசல் அத்தே, ஒரே லாரிங்க" என்றாள் அகிலா, காலியான ரோட்டைப் பார்த்தபடி. "வர இன்னும் நேரமாவும் போல."

போனை வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, காலை மடித்து சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"உத்திரமேரூர்ல டீ நல்லா இருக்குமா?" என்று கேட்டாள்.