மூச்சு விடாத நூறு வாக்கியங்கள்

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படிக்காமல் விட்டுவிடலாம். எனக்கு நடந்தது பட்டப்பகலில். நான் பயந்த சுபாவக்காரன் கிடையாது. இருபது வருடமாக ஒலிப்பதிவு செய்கிறவன். எல்லாச் சத்தத்துக்கும் ஒரு காரணம் உண்டு என்று ஊருக்கே பாடம் எடுத்தவன். இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

அக்காவுக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் காலை அறுவை செய்து குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து பேச்சே வராது. ஒரே ஒரு வழி இருந்தது. முந்நூறு வாக்கியங்களை அவள் படித்துப் பதிவு செய்து கொடுத்தால், டைப் செய்வதை அவள் குரலிலேயே பேசும் கருவி ஒன்றை ஒரு நிறுவனத்தார் செய்து தருவார்கள். அன்று மாலை ஆறு மணி கெடு. முந்நூறில் ஒன்று குறைந்தாலும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

தினம் நூறு வாக்கியம், மூன்று நாள். அன்று மூன்றாம் நாள். படிப்பதைத் தவிர வேறு எதற்கும் வாய் திறக்கக் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு. அக்காவுக்கோ கூச்சம் அதிகம். பதிவறைக்கும் என் அறைக்கும் நடுவில் உள்ள கண்ணாடியில் திரையை இழுத்துவிட்டுத்தான் படிப்பாள். பதிவறையின் பின்வாசல் சாவி அவளிடம் உண்டு. வந்ததும் கண்ணாடியில் இரண்டு தட்டு. நான் பதிவைத் தொடங்குவேன். முடிந்ததும் மூன்று தட்டு. வந்த வழியே போய்விடுவாள். "உன் ஓட்டை வாய்க்கே பூட்டுப் போட்டுட்டாங்களே" என்று முதல் நாள் கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள்.

இரண்டாம் நாள் அவள் குரல் கிழிந்துபோயிருந்தது. மூன்றாம் நாள் காலை... பளிச்சென்று இருந்தது. நன்றாகத் தூங்கியிருப்பாள் என்று சந்தோஷப்பட்டேன். 10:00 மணிக்கு இரண்டு தட்டு. 11:05க்கு மூன்று.

பிற்பகல் 2:10. அனுப்புவதற்கு முன் எல்லாவற்றையும் கேட்டுவிட உட்கார்ந்தேன். கணினியில் இருப்பதெல்லாம் வெறும் எண்கள். அதைச் சத்தமாக மாற்றித் தருவது டிஏசி என்ற சின்னப் பெட்டி. முதல் இருநூறையும் அங்கங்கே ஓட்டினேன். சுத்தம். 201 ஓடியது. நடுவில்... டிக். சத்தம் அறுந்தது. அரை நொடி. மறுபடி டிக். குரல் வந்தது.

202. டிக். 203. டிக்... டிக்.



யூஎஸ்பி வயரை மாற்றினேன். வேறு துளையில் செருகினேன். நடுவில் இருந்த ஹப்பைக் கழற்றி எறிந்தேன். ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் பஃபரைக் கூட்டினேன். வைஃபையை அணைத்தேன். டிரைவரை அழித்து மறுபடி போட்டேன். 3:40 ஆகிவிட்டது. 150 ஓடினால் சுத்தம். 201 ஓடினால் டிக். அப்படியென்றால் வயர் சரி, பெட்டி சரி. பழுது பதிவிலேயே இருக்கிறது. "கடவுளே, அது மட்டும் வேண்டாம்" என்று வாய்விட்டுக் கெஞ்சினேன். நாளைக்குப் பிறகு திரும்பப் படிக்க அவளுக்கு ஏது குரல்?

கணினித் திரையில் ஒலி அலையைப் பெரிதாக்கினேன். அறுந்த இடங்களில் பூஜ்யம். உள்ளே எதுவுமே வராவிட்டால் இந்தப் பெட்டி தானாக வாயை மூடிக்கொள்ளும். டிக் சத்தம் அதுதான். ஆனால் மைக் திறந்திருக்கும்போது பூஜ்யம் வரவே வராது. ஆளில்லாத அறையில்கூட ஒரு மெல்லிய இரைச்சல் இருக்கும்.

முந்தின நாள் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மாதிரி இடங்களில் அதில் என்ன இருந்தது தெரியுமா?

மூச்சு. அக்கா மூச்சு இழுக்கும் இடங்கள் அவை.

மூன்றாம் நாள் படித்தவள், நூறு வாக்கியத்தில் ஒரு தடவைகூட மூச்சு விடவில்லை.

4:25. யோசிக்க நேரமில்லை. யோசிக்கப் பயமாகவும் இருந்தது. முதல் நாள் பதிவிலிருந்து அக்காவின் மூச்சை வெட்டி எடுத்தேன். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒட்டினேன்.  5:31. அங்கங்கே ஓட்டிப் பார்த்தேன். ஒரு டிக் கூட இல்லை.

300 முடிந்தது. கணினித் திரையில் கோடு நின்றது.

ஹெட்போனில் மூச்சு நிற்கவில்லை.

உள்ளே... வெளியே... உள்ளே...

வயரைப் பிடுங்கினேன். நின்றது.

5:38.

கண்ணாடியில்... டொக். டொக்.

"அக்கா?"

 பதிவறைக்குள் ஓடித் திரையை விலக்கினேன். யாரும் இல்லை. பின்வாசல் பூட்டியபடி இருந்தது. மேசையில் மூன்றாம் நாள் வாக்கியங்களை நான் வைத்த உறை. ஒட்டியது ஒட்டியபடி. யாரும் பிரிக்கவே இல்லை.

5:52க்கு அனுப்பினேன்.

ஆமாம், அனுப்பினேன். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள். அந்த நூறு இல்லாவிட்டால் அக்காவுக்குக் குரலே இல்லை.

மாலையில் அக்காவைச் சேர்ப்பதாக ஏற்பாடு; 7:15க்கு மருத்துவமனை போனேன். அக்கா மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். பக்கத்தில் அத்தான்.

"காலைல என்னமா படிச்சா!" என்றேன், அத்தானிடம்.

அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்கப்பா படிச்சா? விடியும்போதே குரல் சுத்தமா போயிடுச்சு. ஏழு மணிக்கெல்லாம் இங்க சேர்த்துட்டேன். உனக்கு எத்தனை தடவை போன் பண்ணேன்..."

பதிவு நாளில் போனை அணைத்துவிடுவது என் வழக்கம். அது அன்று முழுக்க என் மேசை இழுப்பறையில் கிடந்தது. சும்மா சொன்னேன், பழைய பதிவிலிருந்து வெட்டி ஒட்டி முந்நூறையும் அனுப்பிவிட்டேன் என்று சமாளித்தேன். நடந்ததைச் சொன்னால் நாளைக்கு அறுவைக்குப் போகிறவளின் மனம் என்ன பாடுபடும்?

அறுவை நல்லபடியாக முடிந்தது. ஆறு வாரம் கழித்துக் கருவி வந்தது. அக்கா அதை மடியில் வைத்துக் குனிந்தாள். அச்சு அசல் அவள் குரல், இரண்டு பிள்ளைகளையும் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பிள்ளைகள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். அத்தான் தேம்பித் தேம்பி அழுதார். நானும் அழுதேன்.

அக்கா அழவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஒரு தாளில் அவசரமாக எதையோ கிறுக்கி, யாரும் பார்க்காமல் என் கையில் திணித்தாள்.

"நான் இன்னும் எதையும் டைப் பண்ணவே இல்லடா."