எரியும் கையில் சிவப்பில்லை

என் மதினியை, கணவரின் அக்காளை, நான் மன்னித்துவிட்டதாக ஸ்ரீவைகுண்டத்தில் உறவுக்காரர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். சுத்தப் பொய்.

கல்யாணமான முதல் சித்திரையில் மோர் மிளகாய் போட்டோம். கூடை நிறையப் பச்சை மிளகாய். ஒவ்வொன்றையும் கீறி உப்புத் தயிரில் போட வேண்டும். "புது மருமவ கைராசியப் பாப்போம்" என்று மொத்தக் கூடையையும் என் பக்கம் தள்ளினார் மதினி. மத்தியானத்துக்குள் இரண்டு கையும் அடுப்பில் வைத்ததுபோல் எரிந்தன. எத்தனை முறை கழுவியும் அடங்கவில்லை. அழுதுவிட்டேன்.

மதினி என் கையைப் பிடித்துத் தம்பியிடம் திருப்பிக் காட்டினார். "பாத்தியாலே? ஒரு செவப்பு உண்டா, ஒரு கொப்புளம் உண்டா? வேலைக்குப் பயந்துல்லா நடிக்கா."

என் கணவரும் பார்த்தார். "ஆமா" என்றார். அந்த 'ஆமா' எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இத்தனைக்கும் நான் பாளையங்கோட்டையில் கல்லூரியில் உடலியங்கியல் நடத்துகிறவள். தோலில் வந்து முடியும் நரம்பு நுனிகளில் புரதத்தாலான நுண்ணிய கதவுகள் உண்டு. சூடு பொறுக்க முடியாத அளவு ஏறினால் அவை திறக்கும். கால்சியம், சோடியம் அயனிகள் உள்ளே பாயும். 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி போகும். மிளகாயின் காரச்சத்து அதே கதவில் போய்ப் பொருந்தி அதைத் திறந்துவிடும். சூடு இல்லை, தோலில் அடையாளமும் இல்லை. எரிச்சல் மட்டும் நிஜம். அந்தச் சத்து தண்ணீருக்குப் போகாது, எண்ணெய்க்குத்தான் போகும். வகுப்பில் எத்தனையோ தடவை சொன்னவள், அன்று குழாயடியில் அழுதுகொண்டு நின்றேன். அதற்கும் சேர்த்துத்தான் கோபம்.

போன சித்திரையில் நான் விடைத்தாள் திருத்தப் போய்விட்டதால் கூடை மதினி தலையில் விழுந்தது. சாயங்காலம் வந்தபோது குழாயடியில் கையை உதறிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, தாங்க முடியலட்டி. என்னமாவது செய்யேன்."

கையை வாங்கிப் பையத் திருப்பிப் பார்த்தேன். "ஒரு செவப்பக்கூடக் காணுமே மதினி. நல்லாக் கழுவுங்க" என்றேன்.

மூன்று முறை கழுவினார். தேங்காய் எண்ணெய் என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. கல்நெஞ்சக்காரி என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வயிறு குளிர்ந்தது.

கணவர் ஓடிவந்தார். "அக்கா துடிக்கா, பாத்துக்கிட்டு நிக்க?"

"கையப் பாருங்க. செவந்திருக்கா?"

பார்த்தார். மதினிதான் அழுகையோடு சொன்னார்: "எலே, அவ அன்னைக்கு நடிக்கலலே."

அதன் பிறகே எண்ணெயை எடுத்து அவர் கையில் தேய்த்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எரிச்சல் தணிந்தது.

'ஆமா' சொன்னவர்தான் இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறார். வருகிற சித்திரையில் கூடை அவர் பக்கம் போகும்.