உப்பளத்து வீரபாகு அண்ணையின்ரை மழைத்தண்ணி மீன்கள்

"தண்ணி சரியில்ல தங்கச்சி."

விடியக் காலமை ஆறு மணிக்கு, மாரியெண்டாலும் கோடையெண்டாலும் இந்த ஒரு வசனம்தான். நான் குசினியிலை புட்டுக்கு மா குழைச்சுக்கொண்டு நிப்பன். வேலிக்கு அங்காலை வீரபாகு அண்ணை ஒரு கையிலை தேத்தண்ணிக் கோப்பையோடையும் மற்றக் கையிலை சைக்கிளோடையும் நிப்பார். உப்பளத்துக்கு வெளிக்கிட்ட மனுசன். எங்கடை ரெண்டு வீட்டுக்கும் பொதுவான கிணத்தை ஒருக்காப் பாத்து இதைச் சொல்லாட்டில் அவருக்குப் பெடல் மிதிபடாது.

"தண்ணி சரியில்லாமலே உந்தத் தேத்தண்ணி குடிக்கிறியள்?" எண்டு கேப்பன்.

"மனுசனுக்கு இது போதும். மீனுக்குத்தான் ஆகாது."

"மனுசரை விட மீன் பெரிசோ அண்ணை?"

"நாம குடிச்சிட்டு நம்ம பாட்டுக்குப் போயிருவோம். அதுக அதுக்குள்ளேயேல்ல கெடக்கணும்."

நான் மாவைக் குழைப்பன்.

எங்கடை வீடுகள் பரந்தனிலையிருந்து ஆனையிறவுக்குப் போற பக்கம். கிணத்துத் தண்ணி குடிக்கலாம், ஆனால் கேத்திலின்ரை அடியைச் சுரண்டினால் வெத்திலைக்குப் போடுற அளவுக்குச் சுண்ணாம்பு வரும். வீரபாகு அண்ணை ஏழு வயசிலை தாய் தகப்பனோடை மலையகத்திலையிருந்து இஞ்சை வந்தவர். இப்ப அம்பத்தஞ்சு தாண்டிப் போச்சு. சண்டைக்கு முதலும் பிறகுமாய்க் கூட்டினால் இருவத்திரண்டு வருசமா ஆனையிறவு உப்பளத்திலை உப்பு வாருறார். கால் ரெண்டும் வெடிச்சு வெள்ளையாய்க் கிடக்கும். பகல் முழுக்க உப்புக்கை நிக்கிற மனுசன் கறியிலை உப்பு ஒரு கல்லுக் கூடினாலும் சோத்துக் கோப்பையைத் தள்ளி வைப்பார். அவரின்ரை மனுசி அழகம்மா அக்கா சொல்லுவா, "வெளிய உப்போட குடும்பம், வீட்டுல எங்கூட சண்டை."

இந்த மீன் விசர் தொடங்கினது நாலு வருசத்துக்கு முதல். வவுனியாவிலை அழகம்மா அக்காவின்ரை தங்கச்சி மகள் பெரியபிள்ளையாகிச் சாமத்திய வீடு. பிள்ளைக்கு ஒரு சீலை வாங்கிக்கொண்டு வாங்கோ எண்டு அக்கா இவரைக் கடைத்தெருவுக்கு அனுப்பினவா. மனுசன் போன வழியிலை ஒரு மீன்கடையைக் கண்டிட்டார். சாப்பாட்டுப் பந்தி எழும்பிற நேரம் திரும்பி வந்தவர். கையிலை சீலை இல்லை. ஒரு பொலித்தீன் பையிலை தண்ணி. தண்ணிக்குள்ளை மூண்டு மீன், ஒண்டொண்டும் என்ரை சின்னி விரலளவு.

"ஊர்ல பெரியம்மான்னு இருக்கறவ வெறுங்கையோட போன ஒரே வீடு அதுதான்," எண்டு அக்கா இண்டைக்கும் சொல்லுவா.

வாற வழி முழுக்க பஸ்ஸுக்குள்ளை அந்தப் பையை மடியிலை வச்சு, குலுங்காமல் ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு வந்தவராம். பக்கத்திலை இருந்த மனுசி பாவப்பட்டு, "ஐயா, ஆசுப்பத்திரிச் சேலைனோ? ஆருக்கு வருத்தம்?" எண்டு கேட்டிருக்கிறா. அழகம்மா அக்கா பதில் சொன்னாவாம், "இவருக்குத்தான். தலையில."

அந்த மீனைக் குள்ளச் சிக்லிட் எண்டு சொல்லுறது. எங்கடை குளத்துத் திலாப்பியாவுக்குச் சொந்தமாம். நம்பேலாது, கறிச்சட்டிக்கு வாறது ஒண்டு, கண்ணாடித் தொட்டிக்கு வாறது ஒண்டு. அதிலை ஆண் ஒண்டு, பெண் ரெண்டு. ஆணுக்கு முதுகுச் செட்டை கொண்டை மாதிரி எழும்பி நிக்கும், வாலிலை செம்மஞ்சள் புள்ளி. பெண் ரெண்டும் சாம்பல் நிறம், பாக்க ஒண்டுமில்லை. அண்ணை ஆணுக்குச் சேவல் எண்டும் பெண்ணுக்குப் பேடு எண்டும் பேர் வச்சார். ரீவி வச்சிருந்த மேசையிலை தொட்டி ஏறிச்சுது. ரீவி கதிரைக்கு இறங்கிச்சுது.

கடைக்காரன் சொல்லி விட்டவனாம், இது எங்கையோ காட்டாத்து மீன், சுண்ணாம்பு இல்லாத தண்ணியிலைதான் முட்டை விடும், மழைத்தண்ணி பிடி, வாதுமை இலை போடு எண்டு. அண்ணையின்ரை கூரை பழைய தகரம், கறள் இறங்கும். எங்கடை வீடு ஓடு. ஐப்பசி பிறக்க முதலே வந்து வேலியிலை நிண்டார்.

"தங்கச்சி, ஒங்க கூரைத்தண்ணி விழுற பீலிக்குக் கீழ ஒரு பரல் வச்சுக்கட்டுமா?"

"ஓம், வையுங்கோ. கூரையையும் கழட்டிக்கொண்டு போறியளோ?"

"வேணாம், மழை மட்டும் போதும்."

கேட்டவிதம் அப்பிடி. வச்சிட்டார், நீலப் பிளாஸ்டிக் பரல். மார்கழியிலை நிரம்ப மூடி போட்டுக் கட்டினார். அடுத்த மாரி வரைக்கும் அதுதான் மீனுக்குச் சீவியம்.

இனிச் சொல்லப்போறதிலை எனக்கும் பங்கிருக்கு. மறைக்கேல்லை.

ஒருநாள் பின்னேரம் அண்ணை ஓடி வாறார். "தங்கச்சி, ஒரு பேடு மஞ்சளாப் போச்சு!" போய்ப் பாத்தன். காலமை வரைக்கும் சாம்பலாய் இருந்தது, மஞ்சள் பூசிக் குளிச்ச மாதிரி நிக்குது. கண்ணுக்குக் குறுக்காலை கறுத்தக் கோடு. தொட்டி மூலையிலை கவிட்டு வச்ச சிரட்டையை விட்டு விலகுதில்லை, தீனியும் தின்னுதில்லை. சேவல் கிட்டப் போனால் பாய்ஞ்சு கடிக்குது.

நான் மூண்டு பிள்ளை வளத்தவள். மஞ்சள், சாப்பாடு இல்லை, எரிச்சல். வேறை என்ன?

"அண்ணை, உதுக்குச் செங்கமாரி."

"மஞ்ச காமாலையா? மீனுக்குமா வரும்?"

"ஏன், மீனுக்கு ஈரல் இல்லையோ?"

நானே எங்கடை வளவிலை கீழ்காய்நெல்லி பிடுங்கி, அம்மியிலை அரைச்சு, துணியிலை வடிச்சுக் குடுத்தனான். அண்ணை பேட்டை வலையிலை அள்ளி ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலுக்கை விட்டு, பத்துச் சொட்டு விட்டார். விடியப் பாத்தால் பேடு மிதக்குது.

தொட்டியைக் கழுவுவமெண்டு அண்ணை சிரட்டையைத் தூக்கினார். உள்பக்கம் முழுக்க முட்டை, சிவப்புச் சவ்வரிசி மாதிரி வரிசையாய் ஒட்டிக் கிடக்குது. காவல் இல்லாமல் அதெல்லாம் பூஞ்சணம் பிடிச்சுப் போச்சு. மஞ்சள் நோயில்லை. முட்டையைக் காக்கிற தாய்க்கு வாற நிறம் அது.

அழகம்மா அக்கா சிரட்டையை வாங்கிப் பாத்திட்டு எங்களைப் பாத்தா. "பச்ச ஒடம்புக்காரிக்கு ரெண்டு பேருமா சேந்து மருந்து குடுத்து அனுப்பிட்டீங்க."

அடுத்த நாள் காலமை வேலியிலை சத்தமில்லை. அதுக்கடுத்த நாளும் இல்லை. ஒரு கிழமை சைக்கிள் பேசாமல் போச்சுது. தண்ணி சரியில்லையெண்ட கதையை நான் எவ்வளவு திட்டியிருப்பன், அது கேளாமல் எனக்குப் புட்டு அவியேல்லை. எட்டாம் நாள் நானே வேலிக்குப் போனன்.

"என்ன அண்ணை, தண்ணி திருந்தீட்டுதோ?"

கிணத்தை எட்டிப் பாத்தார். "இல்ல தங்கச்சி, இன்னும் சரியில்ல." அண்டைக்குத்தான் புட்டு அவிஞ்சுது.

மிச்சம் இருந்தது ஒரு பேடு. அதுவும் போனால் முடிஞ்சுது, அந்தக் கடைக்காரனுக்கே பிறகு அந்த மீன் வரேல்லை. அண்ணை அதுக்குத் தனிச் சிரட்டை வச்சார், வாதுமை இலை போட்டார், தொட்டிக்குக் கிட்ட ஒருத்தரையும் தும்ம விடேல்லை. போன வருசம் ஆடி மாசம் அது மஞ்சளாச்சுது. இந்த முறை நான் வாயே திறக்கேல்லை. அண்ணை கடைக்காரனுக்குப் போன் எடுத்தார்.

"மஞ்சளானால் சந்தோசப்படு ஐயா," எண்டு அவன் சொன்னான். "கை வைக்காதை. ஒரு பத்து நாளிலை குஞ்சுகள் நீந்தும். உயிர்த்தீனி வேணும். உப்புத் தண்ணியிலை சீவிக்கிற சிவப்புப் பூச்சி ஒண்டு, அதின்ரை முட்டை பக்கெற்றிலை வரும். இப்ப என்னட்டை இல்லை, கொழும்பிலையிருந்து வர ஒரு மாசம் செல்லும்."

பத்து நாளிலை பிறக்கிற குஞ்சுக்கு ஒரு மாசத்திலை தீனி! அண்ணைக்கு முகம் செத்துப் போச்சு. அடுத்த நாள் உப்பளத்திலை பாத்திக்கை நிக்கிறார். அங்காலை பூநாரைகள் எதையோ தின்னத் தலையைத் தண்ணிக்கை விட்டு விட்டு எடுக்குதுகள். குனிஞ்சு தன்ரை காலைப் பாத்தாராம். வெடிப்புக்கை செம்மண் மாதிரி ஒட்டியிருக்கிறது அசையுது.

பின்னேரம் சைக்கிளைப் போட்டிட்டு ஓடி வந்தார். "இருவத்திரண்டு வருசமாக் காலால மிதிச்சிட்டு நின்னுருக்கேன் தங்கச்சி! நம்ம பாத்தியிலதான் இருக்கு!"

ஒரு போத்தலுக்கை கொண்டு வந்தவர். வெளிச்சத்துக்குப் பிடிச்சால் சிவப்புத் தூசி துள்ளுது. பழைய வேட்டித் துணியிலை வடிச்சுப் பெரிசுகளை நீக்கி, பொடிசுகளை இன்னொரு நெருக்கத் துணியிலை பிடிச்சு, மழைத்தண்ணியிலை மூண்டு தரம் அலசினால்தான் உப்புப் போகும். அலசாமல் போட்டால் குஞ்சு செத்துப்போம். சாப்பாடு உப்புக்கையிருந்து வரவேணும், ஆனால் உப்பு வரக்கூடாது. ஒவ்வொரு நேரச் சாப்பாட்டுக்கும் மழைத்தண்ணி வேணும். பரலிலை அரைவாசிக்குக் கிட்ட இருந்தது. கணக்குப் பாத்து அள்ளினார்.

குஞ்சுகள் சிரட்டையை விட்டு வெளியிலை வந்த அண்டைக்கு என்னையும் கூப்பிட்டவை. நாப்பதுக்கு மேலை. கண்ணிமை மயிர் அளவு. பேடு முன்னாலை போகுது, பின்னாலை எல்லாம் போகுது. அது ஒருக்கா உடம்பை உலுப்பினால் எல்லாம் பொத்தெண்டு மண்ணிலை படுக்குது. என்ரை மூண்டும் ஒருநாளும் அப்பிடிச் சொல்லுக் கேட்டதில்லை. சிவப்புத் தூசி தின்ன உடனை ஒவ்வொரு வயிறும் செம்மஞ்சளாய்த் தெரிஞ்சுது. அழகம்மா அக்கா கண்ணாடியிலை மூக்கு முட்ட நிண்டு, "சாப்பிட்டுருச்சுங்க, சாப்பிட்டுருச்சுங்க," எண்டு சொன்னா. மீனைக் குழம்பு வைக்கப்போறன் எண்டு மூண்டு வருசம் வெருட்டின அதே மனுசிதான்.

மூண்டாம் நாள் எங்கடை வீட்டு மனுசன் தயாபரன் ஒரு வேலை பாத்தார். மோட்டச் சைக்கிள் கழுவோணுமாம். கிணத்துத் தண்ணி காய்ஞ்சால் வெள்ளைத் திட்டு வருமாம். பரல் தண்ணி நல்ல தண்ணியாம். நான் கடையாலை வரக்கிடையிலை பரலைச் சரிச்சு வழிச்சு ஊத்திப்போட்டு, துணியாலை துடைச்சுக்கொண்டு நிக்கிறார்.

பின்னாலையே அண்ணை வாளியோடை வந்திட்டார். பரலுக்குள்ளை எட்டிப் பாத்தார். அடியிலை ஒரு செம்பு தேறும். அவர் ரெண்டு ஏச்சுப் பேசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"பரவால்ல தம்பி. வண்டி நல்லா மின்னுது."

அவர் போன பிறகு மிச்சத்தை நான் பேசினன். எழுதேலாது. முடிவு இதுதான்: என்ரை தங்கச்சி கஜனி முள்ளியவளையிலை இருக்கிறாள், அவளின்ரை வீட்டிலை மழைத்தண்ணித் தொட்டி இருக்கு, கட்டித் தந்த நாளிலையிருந்து வத்தினதில்லை.

"விடியப் போறியள், ரெண்டு கான் தண்ணி கொண்டு வாறியள்."

"மீனுக்காக முள்ளியவளைக்கோ? ஆரும் கேட்டால் சிரிப்பாங்களடி."

"சிரிக்கட்டும். வண்டி மின்னுதுதானே, வடிவாய்ப் போங்கோ."

போனார். வரேக்கை உடையார்கட்டிலை தேத்தண்ணிக்கு நிப்பாட்ட, கானைக் கண்டிட்டு ஒருத்தர் பெற்றோலோ எண்டு கேட்டாராம். மீனுக்குத் தண்ணி எண்டு இவர் சொல்ல, கடை முழுக்கச் சிரிச்சதாம். மத்தியானம் வந்து சேர்ந்தார், தலையெல்லாம் புழுதி. அண்ணை அண்டைக்கு வேலைக்குப் போகேல்லை. கடைசிச் செம்புத் தண்ணியிலை காலமைத் தீனியை அலசிக் குடுத்திட்டுப் படலையடியிலை நிண்டவர். கானைத் திறந்து ஒரு கை அள்ளி வாயிலை விட்டுப் பாத்தார். நாங்கள் எல்லாரும் அவரின்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கிறம்.

"இது தண்ணி," எண்டார்.

மாரி தொடங்கிற வரைக்கும் தயாபரன் ரெண்டு கிழமைக்கு ஒருக்காப் போய் வந்தார். நான் சொல்லேல்லை, தானாய்த்தான் போனவர். குஞ்சுகளிலை முப்பத்தொண்டு தப்பி வளந்தது. தை மாசம் அதிலை ஒரு சின்னப் பேடு மஞ்சளாச்சுது. அண்ணை வேலிக்கு மேலாலை எட்டிக் கத்தினார், "தங்கச்சி, செங்கமாரி!" சாகும் வரைக்கும் என்னை உதாலை குத்தப்போறார், தெரியும்.

இப்ப ஒன்பது தொட்டி. ரீவி கதிரையையும் இழந்து தரையிலை இருக்கு. மீனை அவர் விக்கிறேல்லை. வளக்கத் தெரியுமெண்டு அவருக்குப் பிடிபட்டால் ஒரு சோடி குடுப்பார். முதல் வந்த ரெண்டிலை மிஞ்சின பேடு முதல் தொட்டியிலையே இருக்கு. வயசு போட்டுது, செட்டை கிழிஞ்சு போச்சு, இனி முட்டை விடாதாம். தனிய விடக்கூடாதெண்டு சேவலையும் அதோடை விட்டு வச்சிருக்கிறார். அதைப் பாக்க விரும்பினால் சுணங்காதேங்கோ.

பரந்தனாலை ஆனையிறவுக்குப் போறவை, ஒருக்கா இறங்கி உப்பளத்து வீரபாகு வீடு எண்டு கேளுங்கோ, ஆரும் காட்டுவினம். ஞாயிற்றுக்கிழமை போங்கோ, மனுசன் வீட்டிலை நிப்பார். தண்ணி சரியில்லையெண்டு தொடங்குவார், ஓம் எண்டு சொல்லிப்போட்டு இருங்கோ. அழகம்மா அக்கா தேத்தண்ணி தருவா. வெறுங்கையோடை போகாதேங்கோ, உங்கடை கூரையிலை விழுந்த மழை ஒரு கான் கொண்டு போங்கோ. பேடு ஏதும் மஞ்சளாய் நிண்டால் வைத்தியம் மட்டும் சொல்லாதேங்கோ. அந்த வேலை நான் செய்து முடிச்சிட்டன்.