முந்திரித் தோப்பில் நான் பார்க்காதது

கல்யாணமாகி ஐந்து வருடமாகியும் எனக்குக் குழந்தை இல்லை. கொழுந்தனுக்கு மனைவியாக வந்தவள் மூன்றே மாதத்தில் உண்டாகிவிட்டாள். விக்கிரமங்கலம் பக்கத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். மாமியார் அவளுக்கு மாங்காய் நறுக்கிக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டே நான் பாத்திரம் தேய்ப்பேன். 1996இல் ஒருநாள் கொழுந்தனிடம், "முந்திரித் தோப்புல டிராக்டர்காரன்கூட நின்னு பேசிக்கிட்டிருந்தா. எனக்கு என்னமோ சரியாப் படல" என்று சொன்னேன். அவள் அன்று தோப்புப் பக்கமே போகவில்லை.

கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டு விட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன். அடித்தான். வயிற்றில் இருப்பது யாருடையது என்று கேட்டான். அவள் என்னைப் பார்த்து, "அக்கா, நீயாச்சும் சொல்லேன்" என்றாள். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். அன்று சாயங்காலமே அவள் அண்ணன் வந்து செட்டிகுளத்துக்கு அழைத்துப்போனான். பெண் குழந்தை பிறந்ததாகச் சேதி வந்தது. எங்கள் வீட்டிலிருந்து யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ஆறு வருடம் கழித்து அரியலூர் ஆஸ்பத்திரியில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். அவளுக்குச் செய்ததுதான் திரும்பி வந்திருக்கிறது என்று நடுங்கிப்போய்க் கிடந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு கிறிஸ்தவப் பெண். ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவள் என் பக்கம் திரும்பி, "எதுக்கும்மா இப்படிப் பயப்படுற?" என்றாள்.

"பெரிய பாவம் பண்ணிட்டேங்க."

என்ன பாவம் என்று அவள் கேட்கவில்லை. "என்கிட்ட சொல்லாத. ஏசப்பாகிட்ட சொல்லு. கேட்டுட்டு உன்னத் தள்ளிவிட மாட்டாரு" என்றாள்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தையல் வலிக்க வலிக்க அழுதேன். அழுது முடித்தபோது என்னைத் தண்டிக்க யாரும் அங்கே நிற்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பல வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பயமில்லாமல் தூங்கினேன்.

அதற்கப்புறம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கடலைக் காட்டில் களை வெட்டும்போது கூட வந்தவர்களிடமெல்லாம், "எங்க ஏசப்பா என்னை மன்னிச்சிட்டாரு" என்று சொன்னேன். ஒருத்தி களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "மன்னிச்சாரு மன்னிச்சாருங்கிறியே, என்னத்தடி மன்னிச்சாரு?"

மற்றவர்களும் கையை நிறுத்திப் பார்த்தார்கள். குனிந்து களை வெட்டினேன். கடலைச்செடியையும் சேர்த்து வெட்டிவிட்டேன்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். செட்டிகுளத்தில் அவள் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். கையில் இருந்த அரிவாளைக் கீழே வைக்கவில்லை.

"தோப்புல நான் உன்னப் பாக்கல. பொய் சொன்னேன். நீ உண்டானது எனக்குப் பொறுக்கல" என்றேன்.

அவளுடைய அண்ணன் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தேன். அவள்தான் அவனைத் தடுத்தாள். மூச்சிரைக்க என்னிடம் கேட்டாள்: "இத அங்க வந்து சொல்லுவியா? அவரு முன்னாடி? அத்த முன்னாடி?"

"சொல்றேன்."

"இப்பவே வா."

இரண்டு பஸ் மாறி ஊருக்கு வந்தோம். வாசலில் நின்று நான் சொன்னபோது மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். கொழுந்தன் என்னை அடிக்கக் கையை ஓங்கினான்.

"கைய எறக்குங்க" என்றாள் அவள். "அவ சொன்னது பொய்யி. அடிச்சது நீங்க."

அவளை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் நடந்தாள். நான் பின்னாலேயே பஸ் நிறுத்தம்வரை போனேன். அங்கே அவளாகவே கேட்டாள்: "உன்னை வூட்ட வுட்டுத் தொரத்துவாங்கன்னு தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் எப்பிடிக்கா சொன்ன?"

ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் பேசியதைச் சொன்னேன். வயிற்றெரிச்சலில் பொய் சொன்ன ஒருத்தியையும் ஏசப்பா தள்ளவில்லை, அந்தத் தைரியம்தான் என்றேன். "உங்க சாமி மன்னிச்சிருக்கலாம். எனக்கு இன்னும் மனசு வரல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்காரர் நாலு மாதம் என்னோடு பேசவில்லை. கொழுந்தன் செட்டிகுளத்துக்கு நடையாய் நடந்தான். ஒரு வருடம் கழித்துத்தான் மகளைப் பார்க்க விட்டாள், கூட வாழ வரவில்லை. 2005இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏசப்பாவைக் கும்பிட நான் போய்வந்த சபையில் பாட்டு நடந்துகொண்டிருந்தபோது, அவள் மகளின் கையைப் பிடித்தபடி வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். என் பக்கத்தில் இடமிருந்தது. அவள் அங்கே வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.