மேல் பலகையில் கியர்பாக்ஸ்

கலெர்வோ ஹூத்தினெனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மர ஆலையில் வேலை. வாரம் முழுக்க மரம் அறுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டு வருகிற மனிதன் எங்கேயாவது உடம்பைச் சாய்க்கத்தான் பார்ப்பான். இவனும் சாய்ப்பான், கொட்டகையில், காருக்கு அடியில், குளிர்ந்த சிமெண்டுத் தரையில்.

கார் பழையது. மூன்றாவது கியர் நிற்காது. மேடு ஏறும்போது தானாகக் கழன்றுகொள்ளும். ஊர் மெக்கானிக் நல்ல கியர்பாக்ஸ் ஒன்று கிடக்கிறது, மாட்டித் தருகிறேன் என்றான். கலெர்வோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிரித்தவன் நான், பூட்டுகிறவனும் நானே என்று ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு இது மூன்றாவது வருஷம். முதல் தடவை எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு மேஜையில் ஒரு வளையம் மிச்சம் கிடந்தது. அடுத்த தடவை எதுவும் மிச்சமில்லை, ஆனால் பித்தளை வளையம் ஒன்று தலைகீழாக உள்ளே போயிருந்தது. பொழுதுபோக்காகத் தொடங்கியதுதான். இப்போது அந்த எண்ணெய் வாடையே அவனுக்கு அலுத்துவிட்டது. விட்டுவிடவும் மனம் வரவில்லை.

அவன் மனைவி சிர்க்கா நடுக்கோடைத் திருநாளுக்கு வடக்கே தங்கை வீட்டுக்குப் போவாள். முன்பெல்லாம் இருவரும் காரில் போவார்கள். கியர்பாக்ஸைக் கழற்றிப் போட்டதிலிருந்து அவள் பஸ்ஸில் போகிறாள். வேலையை முடித்துவிட்டுக் காரிலேயே வந்து சேருகிறேன் என்று இவன் சொல்வான். போய்ச் சேர்ந்ததில்லை.

இந்த வசந்தத்தில் ஒருநாள் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "கார் வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா? நீ கூட வரணும்னுதான் கேட்டேன். இந்தத் தடவையும் தனியாத்தான் போகணும்னா, நான் உடனே திரும்ப மாட்டேன். பனி விழற வரைக்கும் அங்கேயே இருந்துக்கறேன்."

சிர்க்கா மிரட்டுகிற ரகம் இல்லை. அதனால்தான் அவனுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை பேரிங்குகளைப் பொருத்துவது மட்டும் பாக்கி. கியர்பாக்ஸின் அலுமினியக் கூட்டை நன்றாகச் சூடாக்கி, பேரிங்கை உறையவைத்தால் அது கையாலேயே உள்ளே இறங்கும். சமையலறை அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சிர்க்கா எப்போதோ சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை எப்படியும் சௌனா என்கிற ஆவிக்குளியல் அறையில் அடுப்பு மூட்டுவார்களே என்று, கூட்டைத் தூக்கிப்போய் மனிதர்கள் உட்காரும் மேல் பலகையில் வைத்தான். பேரிங்குகள் ப்ரீசரில் காட்டுப்பழப் பைகளுக்கு நடுவே கிடந்தன.

சின்னவை இரண்டும் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கின. பெரியதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். கூடு இன்னும் கொஞ்சம் சூடேறட்டும் என்று உட்கார்ந்தான். முதுகு விண்விண்ணென்று வலித்தது. எதிரே அடுப்பின் மேல் அடுக்கிய கற்கள் தகித்தன. கண்ணை மூடினான். பிறந்ததிலிருந்து சனிக்கிழமைதோறும் செய்துவந்ததைக் கை தானாகச் செய்தது. வாளியில் ஒரு கரண்டி நீர் மொண்டு கற்கள்மேல் வீசியது.

சுர்ரென்ற சத்தத்தில் விழித்துக்கொண்டான். அறை முழுக்க ஆவி. உறைந்திருந்த பேரிங் அந்த ஈரத்தையெல்லாம் வாங்கி வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. துடைத்தான், மறுபடி பூத்தது. கூடு ஆறிவிடுமே என்ற பதற்றத்தில் அப்படியே வைத்து அழுத்தினான். பாதியில் கோணலாகச் சிக்கியது. சுத்தியலால் தட்டினான். தட்டியிருக்கக் கூடாது. கூட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் ஓடியது.

அவ்வளவுதான். மூன்று வருஷம். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை.

துண்டும் கையுமாகக் குளிக்க வந்த சிர்க்கா அவனையும் விரிசலையும் பார்த்தாள். என்ன நடந்தது என்று கேட்டாள். அவன் மறைக்காமல் சொன்னான்.

"சூடான கல்லைப் பார்த்தா யாரோட கைதான் சும்மா இருக்கும், கிழவா" என்றாள். கீழ்ப் பலகையில் உட்கார்ந்தாள்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவன் கேட்டான்: "பஸ் எப்போ?"

"வியாழக்கிழமை காலைல."

"இப்பப் போய்க் கேட்டா எனக்கும் ஒரு சீட்டு கிடைக்குமா?"

"கேக்க வேண்டாம். ரெண்டு வாங்கியிருக்கேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். வேலை முடியாது என்று முன்பே தெரியுமா என்று கேட்டான்.

"அது எனக்கென்ன தெரியும். போன வருஷமும் ரெண்டுதான் வாங்கினேன். அதுக்கு முந்தின வருஷமும்."

"பக்கத்து சீட்டு?"

"பையை வெச்சுக்கிட்டுப் போனேன்."

கலெர்வோ எழுந்தான். கந்தல் துணியைச் சுற்றிக் கூட்டைத் தூக்கி வெளியே புல்லில் வைத்துவிட்டு வந்தான். மேல் பலகையைத் துடைத்து அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தான்.